தோட்டக்கோடி வரை

அத்தியாயம் 14

காலை ஏழு மணிக்கு நெவேனா அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, “இந்த வருஷம் கோதுமை குழையலை, பாரும்மா” என்றாள். படத்தில் இருந்த ல்யூபிங்கா ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் மகளைப் பாராட்டுவதில் அவள் கொஞ்சம் கஞ்சம்தான்.

அம்மா போன பிறகு வரும் முதல் ஸ்லாவா, அதாவது வீட்டுப் புனிதரின் நாள்; வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் ஒரு கரண்டி வேகவைத்த கோதுமை கொடுக்கிற நாள். மார்ச்சில் அடக்கம் முடிந்து வியன்னாவுக்குக் கிளம்பியபோது, அண்ணன் ரய்கோ கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். “நேனா, பேப்பர்ல யார் பேரு இருந்தா என்ன? இந்த வீடு உன் காலம் வரைக்கும் உன்னோடது. அம்மா மேல ஆணை.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நெவேனா வரும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு சாச்சாக் நகரத்து நோட்டரி முன்னால் போய் நிற்கப் போகிறாள். என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லப் போகிறாள். வீடும் பிளம்ஸ் தோட்டமும் அம்மா வழிச் சொத்து. அப்பா மிலிசாவ் நாற்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர். அண்ணன் இருக்கும்போது பங்கு கேட்கிற தங்கைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பத்திரிகையில் எழுதுகிற மாதிரியான பெயர் இல்லை.

விவாகரத்துக்குப் பிறகு நெவேனாவுக்குப் போக்கிடம் இந்த வீடுதான். பிழைப்பும் இந்த வீட்டுக்குள்ளேயேதான். வெளிநாடுகளில் வளரும் செர்பியக் குழந்தைகளுக்கு வீடியோவில் தாய்மொழி சொல்லிக்கொடுக்கிறாள். நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு கூரையைத் தேடிப் போகும் தெம்பு அவளுக்கு இல்லை.

அண்ணன் பதிலுக்குக் கேட்டது ஒரே ஒரு உதவி. ஆகஸ்டில் போனில் கெஞ்சினான்.

“தோட்டக்கோடி வரைக்கும் வைஃபை எடுக்கிற மாதிரி பண்ணிடு நேனா. லீவுக்கு வந்தா பசங்க மரத்தடியில உக்காரட்டும். கீழ பள்ளத்துல டவரே கிடையாதே!”

டவர் இல்லாதது உண்மைதான். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் சரிந்து இறங்கும். பாதி வழியிலேயே செல்போன் கையை விரித்துவிடும். வீட்டுக்குள் நிலைமை இதைவிட மோசம். ஒரு முழம் தடிப்புள்ள கல் சுவர்கள். முன்னறையில் ரௌட்டர் இருந்தால் பின்னறையில் ஒன்றும் எடுக்காது. இரண்டு வருடமாக அவள் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பாடம் நடத்தினாள்.

சரி, பார்த்துவிடுவோம் என்று இறங்கினாள். முதல் தப்பு எல்லோரும் செய்கிற தப்பு. ஒரு பூஸ்டரை வாங்கி, சிக்னலே வராத பின்னறையில் கொண்டுபோய் மாட்டினாள். பெட்டிக்கே எதுவும் வராதபோது அது எதைப் பெருக்கித் தரும்? அதைக் கழற்றிப் பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியதும் வீடு முழுக்க உயிர் வந்தது. அடுத்தது முற்றத்துக்கு அப்பால் இருக்கும் கோடைச் சமையலறை. அதற்கு ஜன்னலைப் பார்த்த மாதிரி இன்னொரு பெட்டி.

தோட்டம்தான் அழவைத்துவிட்டது. ஆகஸ்டு மாதத்துப் பிளம்ஸ் மரங்கள், இலையும் பழமுமாக, வந்த சிக்னலை எல்லாம் குடித்துவிட்டன. மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. கடைசியில் மண்ணைத் தோண்டினாள். சாமான் அறையிலிருந்து தோட்டக்கோடியில் இருக்கும் உலர்கூடம் வரை, அம்மா பிளம்ஸ் பழங்களைப் புகைபோட்டு உலர்த்திய அந்தப் பழைய கட்டடம் வரை, தொண்ணூறு மீட்டர் தூரம் பிளாஸ்டிக் குழாய் பதித்து அதற்குள் கேபிள் இழுத்தாள். பதினொரு நாள் வேலை. அதே கேபிளில் கரண்டும் போய்விடும். உலர்கூடத்தின் இறவாணத்தின் கீழ், மழை படாத மூலையில், வெளியிடத்துக்கென்று விற்கும் வெள்ளைப் பெட்டியை ஏணி போட்டு ஏறி அவளே மாட்டினாள்.

எல்லாப் பெட்டிக்கும் பழைய ரௌட்டரின் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. அப்போதுதான் நடந்துகொண்டே பேசினாலும் அறுந்து போகாது. பெயர்: ல்யூபிங்கா. பாஸ்வேர்டு அம்மா பிறந்த தேதி.

பிறகு ஒவ்வொரு மரமாக நின்று, போனைத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தாள். மூன்று பாயிண்ட். மூன்று பாயிண்ட். கடைசி மரத்தடியிலும் மூன்று பாயிண்ட்! அன்று அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டியபோது அவன் கைதட்டினான். “என் தங்கச்சி என்ஜினீயருடா!” என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னான். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு நெவேனா ஒரு மாதம் ஓட்டினாள்.

இன்று அந்த அண்ணன் வரவில்லை. கம்பெனியில் லீவு கிடைக்கவில்லையாம். வியன்னாவில் எவனாவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் இவன்தான் போய்த் திறந்துவிட வேண்டுமாம். ரொட்டி உடைக்கும் நேரத்துக்கு வீடியோவில் வருவதாக ஏற்பாடு.

“அப்பா, சிவப்பு தெர்மாஸ் எங்க? பாதிரியார் வந்தா சூடா காபி குடுக்கணும்.”

மிலிசாவ் அப்போதுதான் பின்வாசல் வழியாக வந்தார். கல்யாணக் கோட்டு, சவரம் செய்த முகம், ஆனால் ஷூவெல்லாம் சேறு.

“எனக்கென்ன தெரியும்? சமையக்கட்டு உன் ராஜ்ஜியம்.”

“பண்டிகை ஷூவைப் போட்டுக்கிட்டு எங்க போனீங்க?”

“கோழிக்குத் தீனி வைக்க.”

“கோழிக்கு நான் ஆறு மணிக்கே வெச்சாச்சே!”

“அப்ப ரெண்டு தடவை தின்னட்டும். அதுங்களுக்கும் ஸ்லாவாதானே” என்று சொல்லிவிட்டு ஷூவைத் துடைக்கக் குனிந்தார். எழுபத்துநாலு வயது. இன்று முழுக்க வீட்டுக்காரர் உட்காரக்கூடாது, விருந்தாளி உள்ளே இருக்கும்வரை நின்றுகொண்டேதான் கவனிக்க வேண்டும். அந்த முழங்காலை நினைத்து நெவேனாவுக்குப் பாவமாக இருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பாதிரியார் பத்து மணிக்கு வந்தார். ரொட்டிக்கும் கோதுமைக்கும் ஜெபம் சொன்னார். அடுத்த வீட்டு அவசரத்தில் காபியைக்கூடக் குடிக்காமல் ஓடினார். அவர் போன பிறகு, வீடியோ கால் நடுவில் சொதப்பக்கூடாதே என்று நெவேனா போனில் வைஃபை செயலியைத் திறந்து பார்த்தாள். எந்தப் பெட்டியில் யார் யார் போன் இணைந்திருக்கிறது என்று அதில் வரிசையாகக் காட்டும்.

வீடு: அவள் போன், அப்பா போன், டேப்லெட். கோடைச் சமையலறை: யாரும் இல்லை. உலர்கூடம்: இரண்டு போன்.

ஒன்றின் பெயர் ஏதோ எண்ணும் எழுத்துமாக இருந்தது. மற்றதன் பெயர் ‘ரய்கோ’.

பழைய கணக்காக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அடக்கத்துக்கு வந்தபோது அவன் போன் இந்த வைஃபையில் இணைந்ததுதான். அந்தப் பாஸ்வேர்டு அதற்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஆனால் மார்ச்சில் உலர்கூடத்தில் பெட்டியே கிடையாது. பெயரைத் தொட்டாள். இணைந்த நேரம்: இன்று காலை 9.14.

போன் வியன்னாவில் இருந்தால் இந்தப் பட்டியலில் ஏறவே ஏறாது. இது அவளுக்குத் தெரியும். இந்தப் பெட்டியின் எல்லை எந்த மரத்தில் முடிகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நெவேனாவின் முகம் மலர்ந்துவிட்டது. கள்ளன்! சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கப் பார்க்கிறான்! லீவு இல்லை, லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று என்ன நடிப்பு நடித்தான்! அந்த இன்னொரு போன் அண்ணி போனாக இருக்கும். வீடியோவில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ரொட்டி உடைக்கும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரப் போகிறான். சின்ன வயதில் இருந்தே அவனுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ் கூடுதலாக வைத்தாள். அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. அவருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டுமே!

பதினொன்றரைக்கு அடுத்த வீட்டு ஸ்டோயங்கா வந்தாள். கையில் ஒரு பானை நிறைய சர்மா, முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி வேகவைத்தது; வாயில் ஊர்ச் செய்தி. பின்னாலேயே அவள் புருஷன் ட்ரகோலுப், ரக்கியா என்ற பழச் சாராய பாட்டிலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தான். இருவரும் ஒரு கரண்டி கோதுமை எடுத்து வாயில் போட்டு, சிலுவை இட்டுக்கொண்டார்கள்.

ஸ்டோயங்கா நேராகச் சமையலறைக்குள் புகுந்தாள்.

“யாருக்குடி எக்ஸ்ட்ரா தட்டு? வியன்னாக்காரன் வரலைன்னியே!”

“வர்றவங்க யாரா இருந்தாலும் தட்டு வேணும்ல அக்கா.”

“சிரிக்கிறே. செவ்வாய்க்கிழமை மொத்தத்தையும் எழுதிக் குடுத்துட்டு வந்து அப்புறம் சிரி. நானும் என் தம்பிக்கு இப்படித்தான் குடுத்தேன். இப்ப நான் போனா நாயை அவுத்து விடறான்.”

“எங்க அண்ணன் அப்படி இல்லை.”

“எல்லா அண்ணனும் அப்படி இல்லாதவன்தான், நோட்டரி வாசல்ல ஏறுற வரைக்கும்.” ஸ்டோயங்கா பானையை அடுப்பில் வைத்தாள். “அது கிடக்கட்டும். கீழ்ச் சந்து வழியா வந்தேன். தோட்டத்துல எதுக்குப் பொண்ணே அத்தனை குச்சி நட்டு வெச்சிருக்கே? சிவப்பு ரிப்பன் வேற! மறுபடியும் கேபிள் பதிக்கப் போறியா?”

“என்ன குச்சி?”

“என்னைக் கேக்கறே! மர வரிசைக்கு நடுவுல, நாலு நாலா. எண்ணிப் பாத்தேன், ஆறு இடத்துல சதுரமா நட்டிருக்கு. உங்கம்மா உக்கார்ற பெஞ்சு இருக்கே, அதைத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு அந்த இடத்துலயும் நட்டிருக்கு. சாச்சாக் நம்பர் போட்ட கார் ஒண்ணு உலர்கூடத்துப் பின்னால நிக்குது. மரம் வெட்டறவனைக் கூப்பிட்டியா என்ன?”

நெவேனா வறுத்த பன்றிக்கறியைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அண்ணனுடைய கார் வியன்னா நம்பர்.

ஈரக் கையோடு போனை எடுத்துப் பார்த்தாள். உலர்கூடம்: இரண்டு போன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் தெரியாத போன் அங்கிருந்து மறைந்து கோடைச் சமையலறைப் பெட்டிக்கு மாறியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப உலர்கூடத்துக்குப் போனது. மறுபடி சமையலறை. மறுபடி உலர்கூடம். யாரோ போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக, எங்கெல்லாம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். அந்த நடை அவளுக்குப் பழக்கமான நடை. ஆகஸ்டில் அவள் நடந்த அதே நடை.

அண்ணி அப்படி நடக்க மாட்டாள். ஆச்சரியப்படுத்த வந்தவன் யாரும் தங்கை வீட்டுத் தோட்டத்தில் குச்சி நட மாட்டான்.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. வேறு ஏதாவது காரணம் இருக்கும், வந்து சொல்வான், கதவைத் திறந்துகொண்டு வரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடுதல் தட்டுகளை எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அறை நிறைந்துவிட்டது. மெழுகுவர்த்தி எரிந்தது. மிலிசாவ் ரொட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நடுவில் நின்றார். அதைப் பிசைந்தவள், பின்னல் போட்டவள், மேலே புறாவும் திராட்சைக் கொத்தும் செய்து ஒட்டியவள் நெவேனா. இரண்டு பேர் பிடித்துச் சுற்றி உடைக்க வேண்டிய ரொட்டி அது. அம்மா இல்லாத வருடத்தில் அதன் மறுபக்கத்தைத் தான்தான் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்து, நகத்தைக்கூடச் சுத்தமாக வெட்டி வைத்திருந்தாள்.

“நீ டேப்லெட்டைப் பிடி மகளே” என்றார் அப்பா. “ரய்கோ பாக்கணும். ட்ரகோலுப், நீ வா, இந்தப் பக்கம் பிடி.”

“நான் பிடிக்கறேன்பா. டேப்லெட்டை மேஜை மேல வெச்சுக்கலாம்.”

“உங்கம்மா பிடிச்சது வேற. பொண்ணு பிடிக்கிற வழக்கம் உண்டா? பிடி, பிடி, நேரமாச்சு.”

ட்ரகோலுப் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

டேப்லெட்டில் இரண்டு கட்டம். ஒன்றில் நெவேனாவின் மகள் தூன்யா, நோவி சாத் நகரத்து விடுதி அறையில், நாளைக்குப் பரீட்சை என்ற முகத்தோடு. இன்னொன்றில் ரய்கோ. பின்னால் ஒன்றும் தெரியாதபடி மங்கலாக்கி வைத்திருந்தான்.

“வீட்டுக்கு ஸ்லாவா வாழ்த்துக்கள்! அப்பா, நல்லா நில்லுங்க. தூன்யா, எப்படிடா இருக்கே?”

“மாமா, எங்கே இருக்கீங்க?” என்றாள் தூன்யா.

நெவேனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிடு அண்ணே. இதோ வாசலில்தான் நிற்கிறேன் என்று சொல். எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன்.

“வேற எங்கே? வியன்னாவுலதான். வீட்டு ஹால்ல உக்காந்திருக்கேன். வெளிய ஒரே மழை” என்றான் ரய்கோ.

பேசும்போது அவன் வாயிலிருந்து ஆவி வந்தது. வியன்னா வீட்டு ஹாலில், ஹீட்டர் ஓடுகிற அறையில் யாருக்கும் வாயில் ஆவி வராது. அவன் காதுமடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் உலர்கூடத்தில் ஒளிந்து விளையாடிவிட்டு வரும்போதும் இப்படித்தான் சிவந்திருக்கும்.

பொய் சொன்னான் என்பதைவிட, எவ்வளவு லேசாகச் சொன்னான் என்பதுதான் அவளைச் சுட்டது. மார்ச்சில் அம்மா மேல் ஆணையிட்டபோதும் குரல் இதே மாதிரிதான் இருந்தது.

ரொட்டியைச் சுற்றினார்கள். சிவப்பு ஒயினைச் சிலுவையாக ஊற்றினார்கள். உடைத்தார்கள். பெரிய பாதி அப்பா கையில் வந்தது.

“அதிர்ஷ்டம் வீட்டுலயே தங்கிருச்சு!” என்று ட்ரகோலுப் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

“நேனா, என்ன பேசாம இருக்கே?” ரய்கோ கேட்டான். “செவ்வாய்க்கிழமை ஞாபகம் இருக்கில்ல? பத்து மணி. அடையாள அட்டையை மறந்துடாதே. எனக்கு வர முடியாது, வக்கீல் வருவாரு.”

“ஞாபகம் இருக்கு அண்ணே. அங்கே எப்படி, நெட் நல்லா எடுக்குதா?”

“சூப்பரா எடுக்குது. கண்ணாடி மாதிரி தெரியறீங்க எல்லாரும்.”

“நம்ம வீட்டு நெட்டுதானேன்னு கேட்டேன்.”

“என்ன? உங்க நெட்டும் நல்லாத்தான் இருக்கு. என் தங்கச்சி போட்டதாச்சே!”

நெவேனா டேப்லெட்டை அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். பிறகு சாமான் அறைக் கதவைத் திறந்தாள். ஊறுகாய் ஜாடிகளுக்கு மேல், சுவரில், தோட்டத்து கேபிளுக்குக் கரண்ட் அனுப்பும் சின்னக் கறுப்புப் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. அது அணைந்தால் வீட்டில் எதுவும் நிற்காது. கோடைச் சமையலறையிலும் நிற்காது. தோட்டக்கோடி மட்டும்தான் இருண்டு போகும்.

“அக்கா, டேப்லெட்டைப் பாத்துக்கிட்டே இருங்க” என்று ஸ்டோயங்காவிடம் சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினாள்.

ரய்கோவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. ஒரு கண் மூடியிருந்தது.

“அம்மா, மாமா நின்னுட்டாரு!” தூன்யாவின் குரல் கணீரென்று வந்தது. “நீங்க எல்லாரும் எனக்குத் தெரியறீங்க. மாமா மட்டும்தான் இல்லை. ஹலோ? மாமா?”

அந்தக் கட்டம் கறுத்துப் போனது. தூன்யா மட்டும் பெரிதாக மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வியன்னாவுல கரண்ட் போயிடுச்சு போல” என்றான் ட்ரகோலுப். அவன் ஒருவன்தான் அதை நம்பினான். ஸ்டோயங்கா நெவேனாவின் கையில் தொங்கிய பிளக்கைப் பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். கீழ்ச் சந்தில் தான் பார்த்த காரை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

நெவேனா எல்லோரையும் பார்த்துச் சொல்ல வேண்டியதை மனதில் கோத்துக்கொண்டாள். அப்பாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். பாவம், இந்த வயதில், இந்த நாளில், பெற்ற பிள்ளை இப்படிச் செய்கிறான் என்று கேட்டால் தாங்குவாரா? எப்படி ஆரம்பிப்பது?

திரும்பினாள். மிலிசாவ் நாற்காலியைப் பின்னால் தடவிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

ஸ்லாவா அன்று, இத்தனை விருந்தாளிகள் முன்னால், வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வருடத்தில் இந்த அறையில் நடக்காத காரியம்.

“அதை மறுபடி சொருகிடு மகளே” என்றார், உடைத்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே. “இல்லைன்னா கதவைத் திறந்து அவனைக் கூப்பிடு. உலர்கூடத்துல அடுப்புகூட மூட்டலை. காலையில இருந்து குளிர்ல நிக்கறான் புள்ள.”

உலர்கூடம் என்ற வார்த்தையை நெவேனா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சேறு படிந்த பண்டிகை ஷூ. இரண்டு தடவை தீனி தின்ற கோழிகள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் தூரத்தில் இருக்கிறவன். இந்த மனிதருக்கு எட்டு மாதமாகக் காலையில் முட்டை, மத்தியானம் சூப், முழங்காலுக்குத் தைலம். அவள் மண் தோண்டிய பதினொரு நாளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இன்னும் ஆழமாத் தோண்டு, மண்வெட்டி படக்கூடாது” என்று சொன்னவர் இவர்.

“உங்களுக்கு எப்ப தெரியும்பா?”

“நேனா, விருந்தாளிங்க இருக்காங்க.”

“எப்ப தெரியும்?”

“ஜூலையில.” அவர் கண்ணை உயர்த்தவில்லை. “நான் இந்த வீட்டுக்கு வந்தவன்டா கண்ணு. எனக்கு இங்க ஒரு மரம்கூடச் சொந்தம் இல்லை. கடைசி காலத்துக்கு என்னை வியன்னாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான்.”

ஜூலை. அப்படியென்றால் ஆகஸ்டில் வந்த அந்தப் போனுக்கு முன்னாலேயே. பசங்க மரத்தடியில் உட்காரட்டும் என்று அண்ணன் கெஞ்சியபோதே இவருக்கு எல்லாம் தெரியும்.

வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

இன்று எல்லோரும் தட்டாமல் வந்த கதவு. தட்டுகிறவன் தயங்குகிறான் என்று அர்த்தம். ஆனால் இன்றைக்கு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, எதிரியாக இருந்தாலும் முதல் கரண்டி கோதுமை கொடுத்தாக வேண்டும். அதை அந்த வீட்டுப் பெண்தான் கொடுக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும்.

நெவேனா பிளக்கைத் திரும்பச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. கோதுமைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

ரய்கோ நின்றான். காது சிவப்பு, கால் சேறு, கையில் வீட்டுச் சிவப்பு தெர்மாஸ்.

“நேனா, நான் வந்து… எல்லாத்தையும் விளக்கமாச் சொல்றேன்…”

அவனுக்குப் பின்னால் நல்ல கோட்டு போட்ட, மரியாதை தெரிந்த ஒரு மனிதர். கையில் போன். ஷூ நுனியில் சிவப்பு ரிப்பன் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முறைப்படி ஒரு கரண்டி கோதுமை எடுத்துச் சாப்பிட்டார். சிலுவை இட்டுக்கொண்டார்.

“ஸ்லாவா வாழ்த்துக்கள்மா. கோதுமை பிரமாதம்.” பிறகு, பாராட்டாமல் போக மனம் வராமல் சொன்னார்: “உங்க இடத்துல ஒரு விஷயம் ரொம்பப் புடிச்சிருக்கு. தோட்டக்கோடி வரைக்கும் மூணு பாயிண்ட் எடுக்குது! மரக் குடில் போட்டா வர்ற விருந்தாளிங்க முதல்ல கேக்கறது இதைத்தான். நான் பாத்த எந்த இடத்துலயும் இது அமையலை. இந்த இடத்தை வாங்க இதுதான் என்னை ஒத்துக்க வெச்சுது. யாரும்மா போட்டுக் குடுத்தாங்க?”

அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. டேப்லெட்டில் தூன்யாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான்தான் போட்டேன்” என்றாள் நெவேனா. “மண்ணைத் தோண்டி, ஏணி போட்டு ஏறி, நானேதான். செவ்வாய்க்கிழமை பத்து மணி வரைக்கும் நல்லா எடுக்கும். அன்னிக்கு நான் கையெழுத்துப் போடப் போறதில்லை, அதுக்குள்ள அளக்க வேண்டியதை அளந்துக்கோங்க.”

கிண்ணத்தை ரய்கோவின் முன்னால் நீட்டினாள். அவன் கரண்டியை எடுக்கவில்லை. அவளைத் தாண்டி, உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான்.